ஒன்றரை மணி நேர விமானம்

குவைத், 1977 ரமலான்

மதிப்பிற்குரிய மச்சான் ஜெக்கரியா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

“பம்பாயில ரெண்டு மணிக்கு ஏறுனா மூன்றரைக்கு குவைத்து. ஒன்றரை மணி நேரந்தானே, நோன்பை விடாதே புள்ள” என்றீர்களே! டிக்கெட்டில் போட்டிருந்த மூன்றரை இந்த ஊர் நேரம், மச்சான். முழுதாக நாலு மணி நேரம் பறந்தேன். இறங்கும்போது என் கைக்கடிகாரத்தில் ஆறு. வெளியே கொளுத்தும் வெயில்.

கூட வந்த திருவாரூர் சைத்தூன் பீவி, “நம்ம ஊர்ல பாங்கு சொல்லப் போறாங்க, தொறந்துடுவோம்க்கா” என்றாள். “சூரியன் மூஞ்சியிலேயே அடிக்குது, அல்லாஹ்கிட்ட என்னடி சொல்லுவே?” என்று அவளையும் தடுத்துவிட்டேன். நாக்கு வறண்டதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். இங்கே பாங்கு கேட்டு நான் நோன்பு திறந்தபோது அங்கே நீங்கள் தராவீஹ் இரவுத் தொழுகைக்கே போயிருப்பீர்கள்.

வேலை செய்யும் வீட்டில் நோன்புக் கஞ்சி என்றால் யாருக்கும் தெரியவில்லை. அறுப்பு ஆட்களோடு கூலித் தகராறு தீர்ந்து குறுவை அறுத்ததும், நம் வயல் நொய் இரண்டு படி யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று மட்டும் தயவுசெய்து நீங்கள் கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்காரம்மா கூப்பிடுகிறார்.

கமருன்னிஸா