எங்கள் அண்டாவைத் திருப்பி அனுப்பு

நெலிதாவுக்கு,

செனைதா எழுதுகிறேன். ‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். மேலே தெரியும் கிறுக்கல் அதுதான். தொலைபேசியில் ஐந்து முறை முயன்றேன். “மேடம் மீட்டிங்ல இருக்காங்க” என்கிறாள் ஒரு பெண். மேடமாம்! என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளோடு பேச எனக்குச் சிபாரிசு வேண்டியிருக்கிறது.

மகள் சுகம். குன்றில் மூடுபனி இறங்கிவிட்டது, துணி காய்வதில்லை. தண்ணீர் லாரி வாரம் ஒரு முறைதான் வருகிறது. லிமாவின் கடலோரக் கண்ணாடி அலுவலகத்தில் இதெல்லாம் உனக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது.

உன் அறக்கட்டளையின் கடிதம் வந்தது. ‘இக்குன்றில் உணவுத் தேவை குறைந்துள்ளதால், முதல் தேதியிலிருந்து நமது கூட்டுமுயற்சி வேறு குன்றுக்கு மாற்றப்படுகிறது.’ கீழே உன் கையெழுத்து. வேறு யாராவது போட்டிருந்தால் விவரம் தெரியாதவர்கள் என்று விட்டிருப்பேன்.

எண்பது தட்டு போட்ட நம் பொதுச் சமையல் அறுநூறு தட்டு போடும் என்று சொல்லித்தானே நீ வேலைக்குப் போன அறக்கட்டளையோடு எங்களைக் கைகோர்க்க வைத்தாய்? “நீங்க ஏன் அடுப்புல வேகணும்? பெரிய சமையற்கூடத்துல செஞ்சு பெட்டியில அனுப்பிடுறோம்” என்று உங்கள் அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் இடுப்பு வலி. ஓய்வு கிடைக்குமே என்று தலையாட்டினேன். அந்தத் தப்பு என்னுடையது. அண்டாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உங்கள் வரவேற்பறையில் அது பூச்செடி சுமந்துகொண்டு நிற்கிறதாமே!

முதல் வாரம் பெட்டி வாங்க எல்லோரும் வந்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர். பிறகு அதுவும் இல்லை. நாலு பிள்ளைகளோடு தனியாகக் கிடக்கும் பிலோமெனாவைப் போய்க் கேட்டேன். “என் முறைக்கு நான் சமைச்சுட்டு எடுத்துட்டுப் போனா அது என் சோறு. வரிசையில நின்னு, போட்டோவுக்குப் பல்லைக் காட்டி வாங்கினா அது பிச்சைடி” என்றாள். போன வியாழக்கிழமை அவளுடைய மூன்றாவது பையன் வகுப்பில் மயங்கி விழுந்தான். தூக்கி வந்த டீச்சரிடம், “காலையில நல்லாத்தானே சாப்ட்டான்” என்று கூசாமல் சொன்னாள். அடுப்பில் வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதிகாரியோ மிஞ்சிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “பெட்டி மிஞ்சுதுன்னா பசி குறைஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்? சந்தோஷப்படுங்க” என்றார். அவர் அறியாதவர். உனக்கென்ன வந்தது? சாப்பிடுகிறவள் எல்லாம் ஒரு நாளாவது சமைக்க வேண்டும் என்று விதி போட்டவளே நீதானே! எழுந்து நிற்க முடியாதவர்களுக்குக்கூடப் பட்டாணி உரிக்கக் கொடுப்பாய், யாரும் கூனிக் குறுகிச் சாப்பிடக் கூடாது என்று. எல்லாம் தெரிந்தும் கையெழுத்துப் போட்டாய் பார், ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்றால் இதுதான்.

திங்கட்கிழமை மறுபடி விறகு மூட்டுகிறோம். பதினொரு பேர் முறை கேட்டிருக்கிறார்கள். பிலோமெனாதான் முதல் ஆள். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் மீன் தலைகளைத் தருகிறார்கள். பதிலுக்கு அவர்கள் போட்டோ கேட்கவில்லை, மதியம் ஆளுக்கொரு கிண்ணம் சூப் கேட்டார்கள். எங்களுக்கு இந்தக் கூட்டு போதும். ஆனால் இத்தனை பேருக்குச் சிறு பானைகள் காணாது. அந்தப் பூச்செடியைக் கொட்டிவிட்டு அண்டாவை அனுப்பு.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். அவரோடு பேசவாவது உனக்கு நேரம் கிடைக்கட்டும்.

ஆறாத கோபத்துடன்,
செனைதா

பி.கு: வண்டி படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து அண்டாவை மேலே ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து நிற்காதே, படியெல்லாம் வழுக்குகிறது.