சிலிண்டர் வேனில் இருக்கிறது

தருமபுரி
12-2-88

அன்பு மகன் காஜாவுக்கு அத்தா சலாம் சொல்லி எழுதுவது. நீ அங்கே சுகமாயிருக்க துஆ செய்கிறேன், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பதறாதே, அம்மா உயிரோடு இருக்கிறாள், பெரியாஸ்பத்திரியில் இன்றோடு நாலு நாள், வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இழுப்புக்காரிக்குப் புகை ஆகாது என்று போன லீவில் நீ அலைந்து திரிந்து கேஸ் வாங்கிக் கொடுத்தாயே, அந்த சிலிண்டர் ஆறு மாதமாக நம் பழைய வேனில்தான் இருக்கிறது. பெட்ரோல் போட்டுச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிக் கட்டுப்படியாகவில்லையப்பா. பென்னாகரம் மெக்கானிக் அர்ச்சுனன் கேஸிலும் பெட்ரோலிலும் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தான். எடுத்துட்டுப் போங்க, நாலு வெறகு வெச்சு எரிச்சா நான் செத்தா போயிடுவேன் என்று அம்மாவே சொன்னாள், நானும் எடுத்துக்கொண்டேன். கேஸ்ல சொகமா ஆக்கறேன்னு எழுதுங்க என்று அவள் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியதும் இந்தக் கைதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு இழுப்பு முற்றிவிட்டது, பேச்சே வரவில்லை. வேனில் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினேன், பாதி வழியில் கேஸ் தீர்ந்தது. பெட்ரோலுக்கு மாற்றினேன், டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. வாரத்துக்கு ஒருக்கா பெட்ரோல்லயும் ஓட்டுங்க பாய், இல்லேன்னா கார்புரேட்டர் அடைச்சுக்கும் என்று அர்ச்சுனன் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டான், கஞ்சத்தனத்தில் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடு ரோட்டில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டுகிறேன், ஒருத்தனும் நிற்கவில்லை, உள்ளே அவள் மூச்சு இழுக்கிற சத்தம் வெளியே கேட்கிறது, நான் என்னடா செய்வேன். முக்கால் மணி நேரம் கழித்து மாதையன் என்று ஒரு புளி லாரிக்காரர்தான் நிறுத்தி, அழுவாதீங்க பாய், ஏத்துங்க என்றார். அவர் பிள்ளைகுட்டி நன்றாயிருக்கட்டும்.

இனி விறகு அடுப்புப் பக்கமே விடாதீங்க என்கிறார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். வேனை நிறுத்தினால் வூட்டில் உலை வைக்க அரிசி ஏது, ஓட்டினால் அவள் எதில் ஆக்குவாள், இரண்டாவது சிலிண்டருக்கு எழுதி வைத்தும் வந்தபாடில்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை காஜா. கண் திறந்ததும் அவள் கேட்டது, வண்டியை ரோட்லயே வுட்டுட்டா வந்தீங்க, சந்தைக்கு என்ன பண்ணுவீங்க என்றுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு நிறைந்த ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நீ எழுதுகிற கடிதத்தை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் என்னைத் திட்டுவதை மட்டும் தனித்தாளில் எழுதி வை.

உன் அத்தா
அப்துல் சுபான்