பந்து எடுக்கப்பட்ட திடல்

கார்மேகம் தங்கிச் செல்லும் கருங்குன்றத்தின் தலைவரும், வரிவில் படைக்கு உரியவரும், எழுதிய சொல்லை அழிக்காதவரும் ஆகிய வேந்தர் மாவேளார் திருமுன், ஆம்பல்நாட்டு அரசி அல்லியங்கோதையாரின் ஆணைப்படி அமைச்சர் நன்னாகனார் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குன்றில் தேன் குறையாதிருக்க. தங்கள் சுனைகள் தெளிந்திருக்க. தங்கள் பிள்ளைகள் நீர் நிலை எதற்கும் அஞ்சாது வளர்க. இங்கே அரசியார் நலம். நாடு நலம் என்று எழுத இன்னும் சில நாள் ஆகும். ஏன் என்பதை முறையாகச் சொல்லவே இவ்வோலை.

தாங்கள் அறிந்ததே ஆயினும், பின்னாளில் படிப்பவர் தடுமாறலாகாது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் நாவல்துறை எவருக்கு உரியது என்னும் வழக்கைப் போரிட்டுத் தீர்ப்பதில்லை, கோற்பந்து ஆடித் தீர்ப்பது என்று நம் இரு குலத்து முன்னோரும் உடன்பட்டனர். அதன்படி எல்லைமேட்டுத் திடலில் தாங்களும் அரசியாரும் ஆடத் தொடங்கினீர்கள். வளைகோலால் பந்தை அடித்து, கொடி நட்ட குழிகளில் ஒவ்வொன்றாக வீழ்த்திச் செல்லும் அவ்வாட்டம் கடைசிக் குழியை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றது, பந்துகள் இரண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஆட்டம் முடியும் மட்டும் திடலைச் சுற்றிய கயிற்றைத் தாண்டி எவரும் கால் வைக்கலாகாது. ஒரு பக்கத்தார் தம் பந்தைக் கையால் எடுத்துவிட்டால் அக்கணமே ஆட்டம் முடிந்தது, அவர் தோற்றார். காவலர் எடுத்தாலும் அப்படியே. தங்கள் நாட்டிலோ, ஆட்டம் முடியாதிருக்கையில் பந்தை எடுத்த கை தறிக்கப்படும் என்றும், அதைத் தாங்களே நினைத்தாலும் மாற்றலாகாது என்றும் கல்லில் வெட்டுவித்திருக்கிறீர்கள்.

அரசியாரின் பந்துக்குக் காவலிருந்தவர் எம் நாட்டுக் கொற்றியார். தங்கள் பந்துக்குக் காவலிருந்தவர் தாங்கள் நியமித்த பூதங்கண்ணனார். இருவரும் ஆளுக்கொரு ஓலைக்குடையின் கீழ், கூப்பிடு தொலைவில் அமர்ந்து மழையைப் பார்த்திருந்தனர். பார்ப்பதற்கு மழையைத் தவிர வேறொன்றும் இல்லாமையால் பேசிக்கொண்டும் இருந்தனர். உம் வேந்தரின் பந்து எறும்புப் புற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதே ஐயா, பல்லக்கு வரட்டும் என்றா காத்திருக்கிறது என்று கொற்றியார் கேட்பார். உங்கள் அரசியாரின் பந்து மட்டும் என்ன அம்மணி, புல்லுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு கிடக்கிறது, தோற்கப் போகிற வெட்கம் இப்போதே வந்துவிட்டதோ என்று பூதங்கண்ணனார் திருப்பிக் கேட்பார். பூதங்கண்ணனார் அவித்த பயற்றை அனுப்புவார். கொற்றியார் ஊறுகாயை அனுப்புவார். ஏச்சு மட்டும் நின்றதில்லை.

மழை விடாத ஒரு நாள் பிற்பகலில் பனையேரியின் கரை உடைந்தது. மேட்டின் அடியிலுள்ள ஊர்கள் எல்லாம் ஒரே மூச்சில் நீருக்குள் போயின. மாடும் கன்றும் விதைநெல் கூடையுமாக மக்கள் மேட்டை நோக்கி ஓடி வந்தனர். வந்தவர்கள் கயிற்றின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டனர். ஏறி வாருங்கள் என்று கொற்றியார் கூவினார். ஒருவரும் அசையவில்லை. ஊர்த்தலைவர் சாத்தையனார் கும்பிட்டு, பந்து கிடக்கிறதே அம்மணி, எங்களால் ஆட்டம் கெட்டு நாடு துறையை இழந்தது என்ற பேர் எங்களுக்கு வேண்டாம், நீர் எப்படியும் வடியும், அதுவரை நிற்கிறோம் என்றார். நீர் வடிகிற இலட்சணத்தைப் பாரும், நீர் பேசி முடிப்பதற்குள் உம் மேல்துண்டு மிதந்து போகிறது என்று கொற்றியார் சொன்னார். சாத்தையனார் குனிந்து பார்த்தார், துண்டு போய்விட்டிருந்தது. அப்போதும் கயிற்றைத் தாண்டவில்லை. எம் மக்கள் அப்படிப்பட்டவர்கள், வேந்தே. முறை என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் கழுத்தளவு நீரிலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கூட்டத்தில் நிறைசூலி ஒருத்தியை இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தாங்கி நின்றனர். அவள் அழவில்லை, கயிற்றுக்கு உள்ளே நீர் ஏறாது கிடந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொற்றியார் அந்தப் பார்வையைக் கண்டார். துறை போகும், இனி அரசியார் முகத்தில் விழிக்க இயலாது, தலைமுறைக்கும் தோற்றுக் கொடுத்தவள் என்பார்கள் என்றெல்லாம் அவர் மனத்தில் ஓடியது. அத்தனையும் ஓடி முடிவதற்குள் கால்கள் பந்தை நோக்கி நடந்துவிட்டன. குனிந்து, புல்லை விலக்கி, பந்தை எடுத்துத் தலைக்குமேல் தூக்கி, ஆட்டம் முடிந்தது, வாருங்கள் என்று கூவினார். கூவியபோது எதிர்ப்புறத்திலிருந்தும் அதே சொற்கள் கேட்டன. திரும்பிப் பார்த்தால், குடைக்கு வெளியே மழையில் நனைந்தபடி பூதங்கண்ணனாரும் தங்கள் பந்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மழை விட்டிருந்த மறுநாள் காலை, இவ்வோலை எழுதும் அமைச்சர் தோணியில் சென்றார். பிணங்களை எண்ணப் போவதாகவே நினைத்துச் சென்றார். எல்லைமேடு கண்ணில் பட்டதும், தோணி தள்ளியவரைக் கோலை நிறுத்தச் சொன்னார். அங்கே கண்டதைத் தங்களுக்கு எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. குழிதோறும் நட்ட கொடி நட்டபடியே நின்றது. ஒவ்வொரு கொடியின் கீழும் ஓர் ஊர் இருந்தது. நீரில் பிரிந்தவர்கள், எங்கள் ஊர் மஞ்சள் கொடி, எங்கள் ஊர் நீலக்கொடி என்று தொலைவிலிருந்தே பார்த்துத் தோணியைத் திருப்பித் தம்மவரிடம் போய்ச் சேர்ந்தனர். பந்தைத் திணறடிப்பதற்கென்று தோண்டிய மணற்பள்ளங்களில் காற்று புகாமையால் அங்கே உலைகள் கொதித்தன. பந்து விழவேண்டிய குழிக்குள் தீக்கங்குகளை இட்டு ஓட்டால் மூடியிருந்தனர். மழையிலும் அணையாத அந்தக் கங்கிலிருந்துதான் எல்லா அடுப்புக்கும் தீ போயிற்று. விரலால் வருடினால் பட்டுப்போல் இருக்கும்படி நாள்தோறும் கொய்து காத்த புல்தரையில் குழந்தைகள் வரிசையாக உறங்கின. பக்கத்தில் நனைந்த விதைநெல் உலர்ந்தது. தங்கள் பந்துக்குக் காவலிருந்த குடையின் கீழ் அந்தச் சூலிக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. அமைச்சர் அத்திடலைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர். இரு அரசர்கள் கோலெடுத்து நடக்க இவ்வளவு அகலமான வெற்றிடம் எதற்கு என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டவர். அன்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன்மேல் ஏறினார்.

அடுத்துச் சொல்ல வேண்டியது விசாரணை. எந்தப் பந்து முதலில் எடுக்கப்பட்டதோ அந்தப் பக்கம் தோற்றது. பூதங்கண்ணனார் முதலில் எடுத்திருந்தால் நாவல்துறை எமது; ஆனால் ஆட்டம் முடியாத பந்தை எடுத்தமையால் அவர் கை தங்கள் கல்வெட்டுக்கு உரியது. கொற்றியார் முதலில் எடுத்திருந்தால் துறை தங்களது.

இருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்கப்பட்டது. நான்தான் முதலில் எடுத்தேன், அந்த மனிதர் அப்போது கண்ணில் விழுந்த மழையைத் துடைத்துக்கொண்டிருந்தார், எதிலும் அவருக்குச் சுறுசுறுப்பு போதாது என்றார் கொற்றியார். அந்த அம்மணிக்குக் குனிந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், அவர் குனிந்து முடிப்பதற்குள் நான் எடுத்து மழையில் கழுவியும் விட்டேன் என்றார் பூதங்கண்ணனார். கை போகுமே என்று அமைச்சர் நினைவூட்டியதற்கு, தெரியும், அதற்காக ஆம்பல்நாடு துறையை இழக்க வேண்டுமா, அவர்கள் ஊறுகாயைத் தின்றிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால், பொய் சொல்லாதேயும் என்று கொற்றியாரும், பெரிய உத்தமி போலப் பேசாதீர் என்று பூதங்கண்ணனாரும் சண்டையிட்டனரே அன்றி ஒருவரும் பின்வாங்கவில்லை. கூட்டத்தாரைக் கேட்டால், எல்லாரும் அந்நேரம் நீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்கின்றனர். எவர் முதல் என்பது எமக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக எழுதி அரசியாரின் முத்திரையைப் பொய்க்குக் கீழே பதிக்கவும் இயலாது.

அரசியார் தாமே வந்து திடலைப் பார்த்தார். நாற்றங்கால்கள் எல்லாம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதால், இந்தப் புல்லில் ஒரு மூலையைக் கீறி விதைத்துக்கொள்ளலாமா என்று சாத்தையனார் தயங்கிக் கேட்டார். அரசியார் கோற்பந்து ஆடப் பிறந்தவர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தத் தரையின் ஒவ்வொரு சரிவும் அவருக்குக் கனவிலும் தெரியும். ஆயினும், மூலையை ஏன் கேட்கிறீர், நடுவிலிருந்தே கீறுங்கள், அங்கேதான் மண் நன்றாக இருக்கிறது என்றார்.

அதன்பின் அவர் அருளிய ஆணை இது. மெய் எதுவென்று அறிய இயலாத இடத்தில், எம் நாட்டுக்கு நட்டமான சொல்லையே மெய்யெனக் கொள்ளத் தீர்மானித்தோம். கொற்றி முதலில் எடுத்தாள், அக்கணமே யாம் தோற்றோம், ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடிந்தபின் பூதங்கண்ணன் எடுத்தது வென்றவரின் பந்து. வென்ற பந்தை எடுத்த கையைப் பற்றித் தங்கள் கல்லில் ஒரு சொல்லும் இல்லை; ஆள் அனுப்பிப் படித்துப் பார்த்தோம். கொற்றியின் குற்றம் எம் சட்டத்தின் கீழ் வருவது. அதை யாம் மன்னித்தாயிற்று. நாவல்துறையின் தோணிக்காரரும் காவலரும் இன்று முதல் தங்கள் ஆணைக்கு உட்படுவர். துறைக்கொடியை இறக்கச் சொல்லியாயிற்று. திடலில் நாற்று முளைத்துவிட்டது. அறுவடை வரை அங்கே எவரும் கோலெடுத்து இறங்குவதில்லை.

ஆம்பல்நாட்டு அரசியின் ஆணை, அமைச்சர் நன்னாகனார் எழுத்து. அல்லிமலர் முத்திரை அரக்கில் பதிக்கப்பட்டது. இவ்வோலையையும் தங்கள் பந்தையும் தட்டில் வைத்து ஏந்தி வருபவர் பூதங்கண்ணனார். தட்டு கனமானது, அதைத் தூக்க இரண்டு கைகள் வேண்டும் என்பதைத் தங்கள் திருவுள்ளத்தில் கொண்டு வாங்கியருள்க.