பெஞ்சில் இருக்கும் பேர்

போடிமெட்டு,
ஆவணி, 1978

பிள்ளைகளோட அம்மாவுக்கு,

நீ பதில் போடலைன்னாலும் எழுதுறேன். இங்க விடாத மழை. ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல நானும் அடுப்பும்தான்.

நம்ம ஊர் வேதக்கோயிலுக்கு நான் கொடுத்த பெஞ்சுல, ஏலக்காய் பறிக்கிற சுருளியம்மா கால்வலின்னு உட்கார்ந்தா. "இது என் இடம், எந்திரி"ன்னு சபைக்கு முன்னால சொன்னேன். நீ அவளைக் கூட்டிப்போய் உன்கூடத் தரையில உட்கார வச்சே. அந்தக் கோவத்துலதான் வீட்டை விட்டு மலையேறினேன். மூணு வருசமா ஜெபமும் வரலை.

இப்ப அவளுக்கு நம்ம எஸ்டேட்லதான் வேலை. ஞாயித்துக்கிழமை வேலைக்காரங்க குடியிருக்கிற லயத்துல ஜெபம் நடத்துறா. போன வாரம் வாசல்ல போய் நின்னேன். மழைக்குப் போர்த்துற கொங்காணிச் சாக்கை விரிச்சு, "இது உங்க இடந்தான், உட்காருங்க முதலாளி"ன்னா. ஈரச்சாக்குல உட்கார்ந்து அழுதேன். அவ பாட்டை நிறுத்தலை.

போதகர் ஐயாகிட்டச் சொல்லு. பெஞ்சுல 'தேவ மகிமைக்காக'ன்னு சின்னதா ஒரு வரி இருக்கு, அது இருக்கட்டும். கீழே பெருசா இருக்கிற என் பேரை ஆசாரி இழைச்சு எடுக்கட்டும். ஞாயித்துக்கிழமை மொத ஜீப்புல வர்றேன். ஆம்பளைக பக்கம் தரையில உட்கார்ந்துக்கிறேன். நீ திரும்பிப் பார்க்கலைன்னாலும் சரி.

இப்படிக்கு,
பேர் போடலை. கையெழுத்து உனக்குத் தெரியும்.