தொப்புளில் உறிஞ்சிய கல்

1988 ஆகஸ்ட் 30, செவ்வாய். இரவு.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தம்பிக்குச் சிறுநீர்ப்பையில் கல். கத்தி வைக்காமல் அதிர்வலையாலேயே அதைத் தூளாக்கும் மிஷின் மெட்ராசுக்கு வந்திருக்கிறது. டாக்டர் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அங்கே போகாமல், இன்று மானாம்பதியில் என் மனைவியின் அண்ணனிடம் போய்ப் படுத்தான். ஊருக்கெல்லாம் கல் எடுக்கிறவர் அவர். தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலை எச்சிலோடு ஒரு கல்லைத் துப்பினார். வெற்றிலை மடிக்கும்போதே அவர் அந்தச் சல்லிக்கல்லை உள்ளே வைத்ததை நான் பார்த்தேன்.

"இன்னா மாப்ள, ஒங்க மெட்ராஸ் மிஷினு இப்டி கையில எடுத்துக் குடுக்குமா?" என்றார்.

தம்பியும் சிரித்தான். எங்கள் இருவருக்கும் பொதுவான கிணற்று நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட அன்றும் இப்படித்தான் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குச் சிறுநீர் ரத்தமாகப் போயிற்று. "கல்லுதான் வந்துட்சேண்ணா, புண்ணு ஆறிக்கினு கீது. மெட்ராசு இன்னாத்துக்கு?" என்கிறான். உள்ளேயே இருக்கும் கல் அடைத்துக்கொண்டால் செத்துப்போவான்.

போலீஸ் வந்து அந்தக் குழலைப் பிடுங்கினால்தான் இவன் பஸ் ஏறுவான். கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். பெயரைப் போட்டால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. கையெழுத்தில்லாமலே காலையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.