மணலில் புதைத்த பானகம்

கடல் தந்ததையும் ஆறு தந்ததையும் குறைவின்றிக் காத்துவரும் ஆழிமங்கல நாட்டின் அரசி, நிலமாளும் பெருந்தேவி, தம் துறைமுக மாளிகையில் வீற்றிருந்து சொல்ல, ஓலைநாயகம் தாழியூரன் எழுதிய திருமுகம். கீழாற்றுக் கூற்றத்தின் அதிகாரியும், நம் தந்தையார் காலந்தொட்டு இக்குடிக்குத் துணை நிற்பவருமான காடன் பெருவேளான் கண்டு தெளிக. உமது கூற்றத்தில் ஏரிகள் கரை தளும்ப நிற்க; விதைத்தவர் கையே கதிர் அறுக்க; பிள்ளைகள் நோயின்றி வளர்க. உமக்கும் உம் மனையோருக்கும் நம் வாழ்த்து.

வாழ்த்துக்குப் பின் வருவது வாழ்த்தன்று. அமர்ந்து, முழுவதும் படியும்.

பவழத்தீவின் அரசகுடிக்கு மணம் செய்து கொடுக்கப்பட்ட நம் தங்கை அருங்கலவல்லி, ஆண்டுகள் பல கழிந்து இம்முறை தாய்வீடு வந்ததும், வந்தவள் பாதியாக மெலிந்திருந்ததும் நாடறிந்தவை. ஏன் மெலிந்தாள் என்பது நாம் மட்டும் அறிந்தது. இப்போது நீரும் அறிக. அத்தீவில் அவள் கணவரின் தமையனார் விருந்தின் நடுவே ஒரு கிண்ணம் பருகிச் சாய்ந்தார், எழவில்லை. அன்றுமுதல் ஏவற்பெண் ஒருத்தி முதலில் குடித்து, அவள் நிற்பதைக் கண்ட பின்னரே எந்தக் கிண்ணமும் நம் தங்கையிடம் வருகிறது. தண்ணீரும் அப்படியே, மருந்தும் அப்படியே. நாவில் சுவை மறந்துபோயிற்று என்றும், கிண்ணத்தைப் பார்ப்பதை விட்டு அந்தப் பெண்ணின் முழங்கால்களையே பார்ப்பதாகவும், அவை மடங்காதிருந்தால் குடிப்பதாகவும் அவள் நம்மிடம் சொன்னாள்.

அவள் கடைசியாக அச்சமின்றிக் குடித்தது இன்னதென்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மணப்பெண்ணாகக் கப்பலேறப் போன அன்று வெள்ளிலை ஆற்றில் வெள்ளம் வடியட்டும் என்று பல்லக்கைப் பரிசல்துறையில் இறக்கி வைத்தார்கள். அங்கே ஒருத்தி ஆற்றுமணலைக் கையால் விலக்கி ஒரு பானையை எடுத்தாள். நன்னாரிவேரும் சுக்கும் பனங்கருப்பட்டியும் ஊறிய குளிர்ந்த பானகம். அதைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி நீட்டினாள். நம் தங்கை வாங்கிக் குடித்தாள். நடுவில் எவரும் சுவைத்துப் பார்க்கவில்லை. அப்படி யாரும் பார்க்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமே அந்நாளில் இவ்வீட்டில் எவருக்கும் இல்லை. காற்றுத் திரும்பினால் கப்பலேற வேண்டும். அதற்குள் அந்தப் பானகத்தை இன்னொருமுறை குடித்துவிட்டு, ஒரு சாடியில் எடுத்துக்கொண்டும் போக வேண்டும் என்பதே அவள் நம்மிடம் கேட்ட ஒன்று.

நம் மடைப்பள்ளியார் ஊறவைத்தும் வடித்தும் பார்த்தார்கள். அவள் ஒரு வாய் வைத்து, நன்றாயிருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லி, கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். ஆகவே நாம் உமக்கு ஓலை விடுத்தோம். பரிசல்துறையில் நம் தங்கைக்குப் பானகம் ஊற்றியவளைத் தேடி விரைந்து அனுப்புக என்று ஒரே வரி. ஏன் என்று நாம் எழுதவில்லை. இந்த ஓலை இத்தனை நீளமாக இருப்பதற்கு அந்த ஒரு வரியே காரணம்.

உமது விசுவாசத்தில் நமக்கு ஐயம் இல்லை. அதன் வேகத்தில்தான் நாம் நடுங்குகிறோம். தேடச் சொன்னால் ஓர் ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாம். நீரோ பறையையும் வேல்வீரர்களையும் அனுப்பினீர். அரசகுலத்து வாய்க்குப் பானகம் ஊற்றியவள் எவளோ அவள் வெளிப்படுக, மறைத்தவர் மறைந்தே போவர் என்று துறையில் பறை முழங்கிற்று. இந்த நாட்டில் அப்படியொரு பறை இதற்குமுன் ஒரேயொரு முறை, நம் பாட்டனார் காலத்தில், அவருடைய மூத்த மகன் பால் குடித்து மாண்டபோது முழங்கியது. ஊற்றியவனும் போனான், அவன் வீடும் போயிற்று. அந்த வீடிருந்த இடத்தில் இன்றும் எருக்குத்தான் முளைக்கிறது என்பது உமக்குத் தெரியாதா?

பரிசல்துறை மக்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே பரிசல்காரன் ஏறனின் மனைவி சாத்தி என்பவள் அப்போது அடுப்படியில் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். நம் தங்கைக்குச் சிரட்டை நீட்டியவள் அவள்தான். பறையைக் கேட்டதும் கருப்பட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். அக்கம்பக்கத்தார் கூடிக் கிசுகிசுத்தார்கள். இளவரசி மெலிந்து வந்திருப்பதாக நாடே சொல்கிறதே, அன்று குடித்தது உள்ளே கிடந்து இத்தனை காலமாக அரிக்கிறதோ என்று ஒருவன் கேட்டுவிட்டான். கேட்டவன் பகைவனல்லன், நாளும் அவளிடம் வாங்கிக் குடிப்பவன். அதுதான் அவளை உலுக்கிற்று. வேரில் ஏதும் தவறிப்போயிற்றோ, காட்டில் நன்னாரியோடு வேறு கொடி எதுவும் கலந்து வந்ததோ என்று அவளே தன்னைக் கேட்கத் தொடங்கினாள். இவை யாவும் பின்னர் அவள் வாயால் கேட்டு எழுதுவித்தவை.

ஏறன் அவளைக் கோரைப்புதரில் போய் ஒளியச் சொன்னான். இருட்டியதும் பரிசலில் மேற்குக்கரை சேர்ந்து மலைக்குள் போய்விடலாம் என்றான். ஒளியப் போகுமுன் அவள் மணலைத் தோண்டிப் பானைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்த்தாள். பருவத்தில் எடுத்த வேர் முழுவதும் அதில் ஊறியிருந்தது. தண்ணீர் சிவந்து ஓடிற்று. கடைசிப் பானையை எடுக்குமுன் வேல்முனைகள் கரையில் தெரிந்தன. அதை மணலிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

உம் வீரர்கள் ஏறனைக் கேட்டார்கள். ஆற்றின் ஆழம் அறிந்த அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, நாக்கு குழறிற்று. பானகம் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று அவன் சொன்ன இடத்தில் காலடியில் சிரட்டைகள் அடுக்கிக் கிடந்தன. கையைப் பின்னால் கட்டினார்கள். கோரைக்குள்ளிருந்து சாத்தி அதைப் பார்த்தாள். பல் ஒன்றோடொன்று அடிக்கும் ஓசை வெளியே கேட்டுவிடுமோ என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தவள், அவன் தோளில் வேல்தண்டு விழுந்ததும் எழுந்து வெளியே வந்தாள். ஊற்றியவள் தானே என்று சொன்னாள். சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், மணலைத் தோண்டி அந்தக் கடைசிப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். உலகத்தில் தனக்கு மிஞ்சிய சாட்சி அது ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள்.

வழியெல்லாம் இருபுறமும் வேல். வெயிலில் நா வறண்டு ஒட்டிக்கொண்டபோதும் பானையின் வாய்த்துணியை அவள் அவிழ்க்கவில்லை. பின்னால் கட்டுண்டு வரும் ஏறனைத் திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை.

நம் மாளிகையிலோ, பெருவேளானே, அன்று விழா. காற்றுத் திரும்பியிருந்தது, மறுநாள் காலையில் பாய் விரிப்பதாக மாலுமி சொல்லி அனுப்பியிருந்தார். பானகம் வந்துவிட்டது என்று கேட்டதும் நம் தங்கை எங்கிருந்தோ ஒரு சிரட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, சிறுபெண்போல வாசலுக்கு ஓடினாள். நாமும் சிரித்துக்கொண்டே பின்னால் போனோம். அரசகுலமே தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்ட சாத்திக்கு அது தீர்ப்பாகத் தோன்றிற்று. எவரும் ஒரு சொல் சொல்லுமுன் அவள் வாய்த்துணியை அவிழ்த்துப் பானையைத் தூக்கி வாயில் வைத்தாள்.

நிறுத்தவே இல்லை. தாடையில் வழிந்து, கழுத்தில் வழிந்து, மூச்சுத் திணறியும் நிறுத்தவில்லை. குடித்து முடித்துப் பானையைக் கீழே வைத்து, இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி நின்றாள். அவள் சொன்னதை ஓலைநாயகம் தம் நடையில் திருத்த முயன்றார், நாம் விடவில்லை. அவள் சொன்னபடியே இது: "பாத்துக்கங்க தாயே, நின்னுட்டுத்தான் இருக்கேன். இதுல ஒண்ணுமில்ல. எம் புருசன அவுத்து விட்ருங்க."

அவள் முழங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. நம் தங்கை அவற்றையே பார்த்தாள். பார்த்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இங்கேயும் ஒருத்தி எனக்கு முன்னால் குடித்துவிட்டாளே அக்கா என்று மெல்லச் சொன்னாள். போர்க்களத்திலும் அஞ்சாத நாம் அப்போது அஞ்சினோம். தீவில் நடப்பதெல்லாம் தொலைவில், வேறெவரோ செய்வது என்று நினைத்திருந்தோம். இங்கே அதைச் செய்தது நம் ஓலை.

ஏறனின் கட்டை நாமே அவிழ்த்தோம். தரையில் சாத்தியின் அருகே அமர்ந்து நம் தங்கை எல்லாவற்றையும் விளக்கினாள். பிறகு பானையைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வேர்த்துணுக்கும் மண்டியுமாக ஒரு வாய் இருந்தது. அதைச் சிரட்டையில் ஊற்றினாள். சாத்தி பதறிக் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்டிம்மா, வேணாம்" என்றாள். நம் தங்கை குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். சாத்தியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விவரம் எல்லாம் தெரிந்த பின்னும், இளவரசி சாயாமல் இருக்கிறாளா என்று பார்த்தாள். தன் கையால் செய்ததன்மேல் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது. அதை நாம் கண்டோம். நம் தங்கையும் கண்டாள்.

சாடி கப்பலேறவில்லை. புதிதாக வேர் எடுத்து ஊறவைக்க நாளாகும். காற்று அதுவரை நிற்காது. நின்றாலும் வேண்டாம் என்றாள் நம் தங்கை. அங்கே கொண்டுபோனால் அந்த ஏவற்பெண்ணுக்குத்தான் முதல் சிரட்டை என்றாள். வெறுங்கையோடு போனாள். அடுத்தமுறை வரும்போது எவருக்கும் சொல்லாமல் துறையில் வந்து நிற்பேன் என்றும், மணலுக்குள் ஒரு பானை இருக்கட்டும் என்றும் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் நேற்று அத்துறை கடந்து வந்த வணிகர் சொன்னார்: சாத்தி இப்போது பானகம் செய்வதில்லை. வேர் எடுக்கக் காட்டுக்கும் போவதில்லை. தாகமென்று கேட்பவரிடம் அப்படியொன்று தனக்குத் தெரியாது என்கிறாளாம்.

ஆகவே, காடன் பெருவேளானே, நம் ஆணை இது. உமது கூற்றத்தில் எவரையேனும் நாம் அழைத்தால், அழைப்பின் காரணம் முதலில் சொல்லப்படுக. பறையும் வேலும் அப்பணிக்குப் போகலாகாது. ஏறன் தோளில் தண்டு வீசியவன் அந்தத் தோள் ஆறும்வரை அவன் பரிசலைத் தள்ளுக. சாத்தியைப் பானகம் செய்யும்படி எவரும் ஏவலாகாது, நாமும் ஏவவில்லை.

நீர் செய்ய வேண்டியது வேறு. குடையின்றி, காவலின்றி, நடந்து, வெயிலில் துறைக்குப் போம். தாகத்தோடு போம். ஒரு சிரட்டை பானகம் கேளும். இல்லை என்றால் சினவாமல் திரும்பி, மறுநாளும் போம். என்றாவது அவள் ஊற்றுவாள். ஊற்றித் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு நீட்டினால், வாங்கிக் குடித்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பி, அடுத்த நாளும் போம். குடித்துக் காட்டாமல் அவள் உமக்குச் சிரட்டையை நீட்டும் நாளன்று நமக்கு ஓலை எழுதும். அதைப் பவழத்தீவுக்குப் போகும் முதல் கப்பலில் நாம் அனுப்புவோம். அதுவரை உமக்கு வேறு அரசகாரியம் இல்லை.

இவ்வோலையைப் பறையறைந்து படிக்கலாகாது. துறை மக்கள் நடுவே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் படிக்க. நம் கணையாழி முத்திரை பதித்து, காவலின்றி வரும் ஓலையாள் வசம் விடுத்தோம். ஆறு வற்றாதிருக்க. கேட்டவர் அஞ்சாதிருக்க.