கழட்டறதா, மடக்கறதா

ஜூன் 3, செவ்வாய்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போவதாகச் சித்தப்பா அறிவித்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். எந்தக் கார் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. நிறம் இரண்டாம் நாள்: சிவப்பு. பல் டாக்டர், பாவம், வெள்ளையைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறாரே. மிச்சம் இருப்பது கூரை மட்டும்.

ஒரே காரில் இரண்டு வகை. ஒன்றுக்குத் துணிக்கூரை. பொத்தானை அழுத்தினால் பதினான்கு விநாடியில் தானே மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்னொன்றில் தலைக்கு மேல் இரண்டு கெட்டியான பேனல்கள். கொக்கியைத் திருப்பி, கையால் கழற்றித் தூக்க வேண்டும். எங்கள் வீட்டில் இவற்றுக்கு "மடக்கறது", "கழட்டறது" என்று பெயர். மாடியில் இருக்கும் சித்தப்பாவும் சித்தியும், கீழே இருக்கும் நாங்கள் மூவரும் சாப்பிடும்போதுகூட இந்த இரண்டு சொற்களைத்தான் மெல்கிறோம்.

கூரையே இல்லாமல் சுகமாகப் போகக்கூடிய நாட்கள் வருடத்தில் எத்தனை என்று கேட்டேன். மழை நாட்களையும் கொளுத்தும் நாட்களையும் கழித்தால் பத்தொன்பது வருகிறது, கணக்குப் போட்டே காட்டினேன். போய்ப் பாடம் படி என்றார் சித்தப்பா.

ஜூன் 5, வியாழன்

நான் செயலாளராக நியமிக்கப்பட்டிருக்கிறேன். தகுதி: வீட்டில் எதையும் கடைசிப் பக்கம் வரை படிப்பவள் நான் ஒருத்திதான். இரண்டு வகைக்குமான விளக்கப் புத்தகங்களைப் படித்துச் சாதக பாதகங்களை அட்டவணையாக எழுதித் தர வேண்டும். தந்தேன். மடக்கறது எடை அதிகம், துணி கிழியும், மோட்டார் கெட்டுப்போகும். கழட்டறது உடம்பு உறுதி, சத்தம் குறைவு, ஆனால் நின்று இறங்கிக் கழற்ற வேண்டும்.

"பண்டிதரே, பிரமாதம்," என்றார் சித்தப்பா. பிறகு அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு எதுவோ மனசு ஒப்பலையே என்றார்.

க்ளினிக்கில் வயதானவர்களிடம் அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கழட்டி மாட்டுகிற பல்செட் வேண்டவே வேண்டாம், நிலையாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்பார். அதே கொள்கையைக் காருக்கும் வைத்துக்கொள்ளலாமே என்றேன். பல் வேற, கார் வேற என்று பதில் வந்தது. இதை எழுதி மாட்டி வைக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் காபி இயந்திரத்தை நோக்கி நடந்தார். ஆறாவது தடவை அல்லவா, கேட்க என்ன இருக்கிறது. சித்தப்பா மடக்கறதில் பத்து நிமிடம் உட்கார்ந்தார், கழட்டறதில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். கார் இரண்டும் நகரவே இல்லை.

"காத்து தலையில படற சுகமே தனி சார்," என்றார் விற்பனையாளர்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "படட்டும் தம்பி. தடுக்க அங்க ஒரு முடிகூட இல்லையே," என்றாள். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

சித்தி சிரிக்கவில்லை. கவனித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

சித்தி ஏன் சிரிக்கவில்லை என்று இன்று தெரிந்தது.

சித்தி மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊரில் புதுக் கூடம் திறக்கிறார்கள். அதற்குத் தலைவி சித்திதான். போவது உறுதியாகி ஒரு மாதம் ஆகிறதாம். ஒரே ஒரு படிவம் பாக்கி. தங்க இடம் தருகிறார்கள், குடும்ப வீடா, தனி அறையா என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். சித்தப்பா கூட வருகிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி. ஒரு மாதமாக அதற்குப் பதில் இல்லை.

சித்தி இன்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "பல்லு எல்லா ஊர்லயும் இருக்கு. நீங்க வரீங்களா, இல்லையா? நான் எதுல டிக் போடட்டும்?"

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மொதல்ல இந்தக் கூரை விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.  

ஜூன் 11, புதன்

சித்தப்பாவும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை. எனக்குப் புதுப் பதவி: வீட்டுத் தபால்காரி.

ஜூன் 14, சனி

பதவி சுலபமாக இல்லை. "பழைய கார் சாவி எங்கன்னு கேளு." "அது நேத்து அவர் போட்ட பேன்ட்டுல இருக்குன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில். நடுவில் நான், டென்னிஸ் பந்து.

அப்படியே சொன்னால் சண்டை வளரும் என்பதால் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். "துவைக்கறவளுக்குத்தானே தெரியும்" என்று சித்தி சொன்னதை, "துவைக்கும்போது பார்த்தாங்களாம்" என்று மாற்றினேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரிபார்த்துத்தான் கொடுக்கிறேன். மூலத்தைவிடத் திருத்திய பதிப்பு மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தி போகக்கூடாது என்று நினைக்கிறேனா? இல்லை. போகட்டும். வீட்டில் நான் படித்த புத்தகத்தைத் தானும் படித்துவிட்டு வந்து வாதம் செய்கிற ஒரே ஆள் அவர். தலைவியாகாமல் என்ன? ஆனால் தனி அறைக்குப் போகக்கூடாது. தனி அறை என்றால் அது ஊர் மாற்றம் மட்டும் இல்லை. எனக்குப் பதினான்கு வயது, இதுகூடப் புரியாதா?

ஜூன் 19, வியாழன்

நல்ல செய்தி. என் தபால் சேவைக்குப் பலன் கிடைத்துவிட்டது!

சாயங்காலம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "கடைசியா ஒரு தடவ கேட்டுட்டு வா. மடக்கறதா, கழட்டறதா? அவ மனசுல என்னதான் இருக்கு?" என்றார். மாடிக்கு ஓடினேன். சித்தி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைச் சொன்னேன். தலை நிமிராமல், "நான் கழண்டுக்கறேன்னு சொல்லு," என்றார்.

சித்தி அறிவியல்காரர், இலக்கணம் கொஞ்சம் வழுக்கும். வாக்கியத்தில் செயப்படுபொருளே இல்லை. திருத்திக்கொண்டு கீழே வந்து சொன்னேன்: "கழட்டறதுன்னு சொல்றாங்க சித்தப்பா."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்போ அவளுக்கும் இஷ்டம்தான்! இதுதான் பண்டிதரே எனக்கு வேண்டியிருந்தது," என்றார். அறுபத்தெட்டு நாள் முடியாதது அரை நிமிடத்தில் முடிந்தது. உடனே ஷோரூமுக்குப் போன் செய்துவிட்டார்.

சித்தி அதை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்று மட்டும் புரியவில்லை. அசதியாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

சித்தப்பா பெரிய கேக்கோடு வந்தார். பெட்டியைத் திறந்து முதல் துண்டை வெட்டிச் சித்திக்கு நீட்டினார். "முடிவு பண்ணியாச்சுல்ல, சந்தோஷமா?" என்றார். பத்து நாளுக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

சித்தி கேக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக் வாங்கிக் கொண்டாடற அளவுக்கா?" என்றார். மாடிக்குப் போய்விட்டார். சித்தப்பா, வெட்கப்படறா என்றார்.

படிவம் இன்று காலையிலேயே போய்விட்டதாம். எதில் டிக் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கேக் நன்றாக இருந்தது. ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

தமிழ் வகுப்பு. தன்வினை, பிறவினை. ஆசிரியை பலகையில் எழுதினார்: திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். சக்கரம் கழன்றது, சக்கரத்தைக் கழற்றினான். "கழற்ற இன்னொருத்தர் வேணும். கழல்றதுக்கு யாரும் வேண்டாம், அது தானாவே விலகிடும்," என்றார்.

நான் பேனாவைக் கீழே போட்டேன். குனிந்து எடுத்தவள் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

நான் கழண்டுக்கறேன். செயப்படுபொருள் இல்லைதான். ஏனென்றால் அது தேவையே இல்லை. அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. இலக்கணத்தில் வகுப்பின் முதல் மாணவி, பரிசு வாங்கியவள், பண்டிதர்— அடச்சீ. கழண்டுக்கறதுன்னா என்னன்னு தெரியாதா எனக்கு? தெரியும்! நம்ம வீட்டில எத்தன தடவ கேட்டிருக்கேன். காதுல காரே ஓடிக்கிட்டிருந்தா எப்படி விழும்?

ஜூன் 24, செவ்வாய்

சித்தியிடம் சொல்லிவிட்டேன். பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தக் கேக்கு காருக்கா?" என்றார்.

"ஆமா சித்தி. இப்பவே போய் அவர்கிட்ட சொல்லிடறேன். எல்லாம் சரியாயிடும்."

"நீ சரியாவே சொல்லியிருந்தாலும் என்ன பண்ணியிருப்பாருன்னு நினைக்கிற? நேரா வந்து கேட்டிருப்பாரா, உன்னத் திருப்பி மாடிக்கு அனுப்பியிருப்பாரா?"

 எனக்குப் பதில் தெரியும்.

"தனி அறையில டிக் போட்டது உன்னால இல்ல. ஒரு மாசமா யாரும் பதில் சொல்லாததால," என்றார். பிறகு இரண்டு புத்தகங்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதில் ஒன்று என்னுடையதுதான், ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

சித்தி போய்விட்டார். வேனில் பெட்டிகளை ஏற்றியவர் சித்தப்பாதான். கயிறு கட்டினார், முடிச்சைச் சோதித்தார், டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். கொஞ்ச நாள் அங்கே இருந்து பார்க்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யோசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் கோழை. இதையும் அட்டவணையில் சேர்க்கலாம்.

ஜூலை 2, புதன்

பள்ளி விட்டு நேரே க்ளினிக்குக்குப் போனேன். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைத்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி அவர் கையில் இருந்தது.

"கழண்டுக்கறேன்னா? எதுலேருந்து?"

"உங்ககிட்டேருந்து சித்தப்பா."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய் நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்து படுத்துக்கொண்டார். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, "அவளுக்கு நான் கேக்கு நீட்டினேன்," என்றார்.

வெளியே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். சித்தப்பா எழுந்து கை கழுவினார்.

ஜூலை 13, ஞாயிறு

தினமும் சித்திக்குப் போன் செய்கிறார். அங்கே மழையா, சாப்பாடு எப்படி, இரண்டே கேள்விதான். சித்தி இரண்டுக்கும் மரியாதையாகப் பதில் சொல்கிறாராம். மரியாதை இவரைக் கொல்கிறது.

ஜூலை 26, சனி

சிவப்புக் கார் வந்துவிட்டது. இரண்டே இருக்கை. எழுபது நாள் கூரையை ஆராய்ந்த குடும்பம் இருக்கைகளை எண்ணவில்லை என்று நினைத்தேன். சித்தப்பா எண்ணியிருக்கிறார்: தனக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. பக்கத்து இருக்கையில் எனக்கு ஒரு சுற்று வேண்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக் காரைப் பார்ப்பது போல.

ஆகஸ்ட் 9, சனி

க்ளினிக்கை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டார். யாரையும் கலந்து பேசவில்லை. அட்டவணை கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு நான் கிளம்பறேன் அண்ணி," என்றார். அம்மாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

சித்தி வரச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம். வருவது தெரியுமா? தெரியாதாம்.

"நேராப் போய்க் கேக்கலாம்னு," என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் இரண்டு துணிப்பெட்டி, கருவிப் பெட்டி, சித்தி விட்டுப்போன தையல் மெஷின் எல்லாம் வாசலுக்கு வந்தன. சித்தப்பா பேனல்களைக் கழற்றினார், விடிந்ததிலிருந்து அவ்வளவு நல்ல வெயில். அப்போதுதான் அந்த மகத்தான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கழற்றிய பேனல்களைக் காரின் பின்பெட்டியில்தான் வைக்க வேண்டும். வைத்தால் பின்பெட்டியில் ஒரு குடைக்குக்கூட இடம் இல்லை. சரி, மாட்டிவிடலாம் என்றால், தையல் மெஷின் பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து கூரையை இடிக்கிறது.

ஆறு தடவை ஷோரூம், இரண்டு புத்தகம், ஒரு அட்டவணை. கழற்றியதை எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

"மெஷின விட்டுட்டுப் போங்க தம்பி, அப்புறம் அனுப்பறேன்," என்றாள் அம்மா.

சித்தப்பா யோசிக்கப் போகிறார் என்று நான் நாற்காலி கொண்டுவரத் திரும்பினேன். யோசிக்கவில்லை. இரண்டு பேனல்களையும் தூக்கி வந்து எங்கள் ஹாலில் சுவரோரம் சாய்த்து வைத்தார். மெஷினுக்கு சீட் பெல்ட் போட்டார். வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பதினொரு மணிக்கு இங்கே மேகம் கூடியது. பன்னிரண்டுக்குக் கொட்டியது. அப்பா சன்னலோரமே நின்றுகொண்டிருந்தார்.

நான்கு மணிக்குச் சித்தியிடமிருந்து போன். நான்தான் எடுத்தேன். அங்கேயும் மழைச் சத்தம்.

"இங்க வாசல்ல ஒருத்தர் சொட்டச் சொட்ட நிக்கறார்," என்றார். "கையில தையல் மெஷின். அதுக்கு மட்டும் கோட்டு போர்த்திருக்கு."

"என்ன சொன்னார் சித்தி?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. பல்லு தந்தியடிக்குது." சித்தியின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இரு, ஒரு துண்டு குடுத்துட்டு வரேன். போன வச்சுடாத."

வைக்கவில்லை. அருகில் ஒரு கதவு திறந்தது. நாற்காலி இழுபட்டது. தூரத்தில் இரண்டு பேர் பேசும் சத்தம், சொற்கள் புரியவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். என்னை மறந்தே போய்விட்டார்கள். நானாகவே போனை வைத்துவிட்டேன்.